கோடியக்கரையில் வைத்த பூ

கோடியக்கரை
24.1.2025

அப்பாவுக்கு,

இந்துமதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போனது. கேட்கப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் நம் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் வந்து நின்றால் "பொறகு பேசறேன் அம்மிணி" என்று வைத்துவிடுவீர்கள். இதை அப்படி வைக்க முடியாது. உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நேற்று மத்தியானம் சேற்றில் நின்று பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பல்லடத்து அத்தை கூப்பிட்டார். எடுத்ததும் ஒரே அழுகை. "ஏம்மிணி, உனக்குப் பூ வெச்சாச்சாமா! கூடப் பொறந்தவன் மகளுக்குப் பூ வெக்கறதை நான் போட்டோவுல பாத்துத் தெரிஞ்சுக்கோணுமா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்கு அத்தை, எந்த போட்டோ என்று கேட்டேன். "நடிக்காத போ" என்று வைத்துவிட்டார்.

தங்கியிருக்கும் இடத்துக்கு வந்து, மாடியில் ஏறி, நெட் சிக்னல் பிடித்து, நம் குடும்ப குரூப்பைத் திறந்தேன். நான்தான் இருக்கிறேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் முழுக்கச் சேறோடு, பலியாடு மாதிரி தலையைக் குனிந்து நிற்கிறேன். உங்களோடு வேனில் வந்த ஜானகியம்மாள் என் பின்னலில் மல்லிகை வைக்கிறார். கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "மாரியாத்தாள் அருளால் எங்கள் மகள் இந்துமதிக்கு மடத்துக்குளம் மில் குடும்பத்தார் பூ வைத்து உறுதி செய்தனர்." அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கை கூப்பியிருக்கிறார்கள்.

அப்பா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேனிலிருந்து இறங்கும்போது என்னிடம் என்ன சொன்னீர்கள்? "நமக்கு நூல் குடுக்கற மில்காரங்க அம்மிணி. பொங்கல் லீவுக்குத் திருநள்ளாறு வந்தாங்க. உன்ற பறவையெல்லாம் பாக்கோணும்னு ஆசைப்பட்டாங்க. சித்த கூட்டிட்டுப் போயிக் காமி." இதுதானே? அம்மா ஏன் வரவில்லை என்றேன். கால்வலி என்றீர்கள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை நாயாய் அலைந்து காட்டினேன். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் பூநாரைக் கூட்டம் ஒரே சமயத்தில் எழும்பியபோது ஜானகியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். புல்வெளியில் இரண்டு வெளிமான் கிடாக்கள் கொம்பை மாட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றதை வேனை நிறுத்திப் பார்த்தோம். அந்த மில்காரர், உப்பளத்தில் என்ன லாபம் வரும் என்று கேட்டார். அவர் மகன் நித்தீஷ் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் தெரியலீங்க" என்றார். நேராகத் திருப்பிக் கொடுத்தேன். கடற்கரையில் நின்றபோது ஜானகியம்மாள், "சமையலெல்லாம் பண்ணுவியா கண்ணு?" என்றார். பழகாத இடத்தில் வயதானவர்கள் வேறு என்னதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். "சுடுதண்ணி நல்லா வெப்பேனுங்க" என்றேன். "இந்த வேலையை எத்தனை நாளைக்குப் பண்ணுவே?" என்றார். "பென்ஷன் வர்ற வரைக்குமுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தீர்கள்.

கிளம்பும்போது அவர் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, "வெறுந்தலையோட நிக்கறியே கண்ணு, கொஞ்சம் வெச்சுக்கோ" என்றார். என் இரண்டு கையிலும் சேறு. தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். நம் பக்கத்தில் பையனின் அம்மா பெண் தலையில் பூ வைத்தால் பேச்சு முடிந்தது, பெண்ணுக்குச் சம்மதம், இனி வேறு இடம் பார்ப்பதில்லை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? அவர் மாப்பிள்ளையின் அம்மாவாக வந்திருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போனைத் தூக்கிப் படம் எடுத்தீர்கள்.

இது நடக்காது. நீங்களே அவர்களிடம் போய், என் பெண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். குரூப்பிலிருந்து அந்தப் படத்தை எடுங்கள்.

இந்துமதி


பொங்கலூர்
31.1.2025

அன்பு மகள் இந்துமதிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். உன் நலமும் வேலையும் நல்லபடியாக இருக்க மாரியாத்தாளை வேண்டுகிறோம். நீ நலம் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன், ஏனென்றால் நான் அப்பன்.

உன் கடிதம் கம்பெனிக்கு வந்தது. ஆபீஸ் பெண் பிரித்துவிட்டது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனது. இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது.

என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? யோசித்துப் பார். போன வருஷம் ஆனியில் பெண் பார்க்க வருகிறார்கள், வா என்றேன். ஏதோ கணக்கெடுப்பு என்றாய். ஆவணியில் கூப்பிட்டேன். பயிற்சி என்றாய். கார்த்திகையில் கூப்பிட்டதற்குப் பதிலே இல்லை. வந்தவர்களுக்கு நானும் உன் அம்மாவும் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்து, பெண்ணில்லாத வீட்டில் பெண்ணின் போட்டோவைக் காட்டினோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ வீட்டுக்கு வரமாட்டேன் என்றாய். சரி, பெண் பார்ப்பதை அங்கேயே கொண்டுவருவோம் என்று கொண்டுவந்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் சொன்னது ஒரே ஒரு பொய்.

அவர்கள் எப்பேர்ப்பட்ட இடம் தெரியுமா? ஜாதகம் பொருந்தியிருக்கிறது. நம் குலமில்லை, வேறு கூட்டம், கட்டிக்கொள்ளும் முறை இருக்கிறது. பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அந்த அம்மா வேனில் திரும்பி வரும்போது, "புள்ள தைரியமா பேசுதுங்க, எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றார்கள். ஊரில் என் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், கொக்குக்குக் காலில் வளையம் மாட்டுகிறாள் என்று சொல்வதற்குள் என் உயிர் போய் உயிர் வருகிறது. அதைக் கேட்டும் சரி என்று சொன்ன குடும்பம் அது.

எங்கள் தொழிலில் சரக்கு வாங்கும் பையர் சாம்பிளைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அதன் பிறகு துணி சரியில்லை, கலர் சரியில்லை என்று நான் பேச முடியாது. பேசினால் மார்க்கெட்டில் பெயர் போய்விடும். நீ பத்துப் பேர் பார்க்கத் தலை குனிந்து பூ வாங்கினாய். கையில் சேறு என்று இப்போது சொல்கிறாய்.

மாசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாகப் பேசியிருக்கிறது. பல்லடத்தில் மண்டபம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முன்னால் வந்துவிடு. உன் அம்மா சேலை எடுத்துவிட்டாள். கோபத்தை எல்லாம் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வா கண்ணு.

அன்புடன்
அப்பா தங்கதுரை


கோடியக்கரை
8.2.2025

அப்பாவுக்கு,

சாம்பிள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டுத் திரும்பப் படித்தீர்களா? உங்கள் கம்பெனியில் சாம்பிள் பீஸுக்கு ஒரு சீட்டு மாட்டி, இது சாம்பிள் என்று அதன்மேல் எழுதியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சீட்டுகூட மாட்டவில்லை.

ஆயிரம் பொய் சொல்லலாம்தான். அது மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூட, பெண்ணுக்கு வயது குறைச்சல் என்று இரண்டு வீடும் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொள்ளும் பொய். கல்யாணப் பெண்ணிடமே, இது கல்யாணம் இல்லை, பறவை பார்ப்பது என்று சொல்லும் பொய்யை எந்தப் பழமொழியில் கண்டீர்கள்?

பையன் நல்லவனாக இருக்கலாம். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்தது ஒரு குற்றமா? ஜானகியம்மாள் மேலும் கோபம் இல்லை. வேனில் முறுக்கு கொடுத்தார், பல்லடம் பக்கம் வந்தால் கூப்பிடு கண்ணு என்று நம்பர் கொடுத்தார். என் கோபம் முழுவதும் உங்கள் மேல்தான். ஏன் என்று சொல்கிறேன், இதையாவது வைக்காமல் படியுங்கள்.

நான் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் ஒரு நாள் வந்து பார்த்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள், கொச்சிக்கு எத்தனை தடவை. இங்கே வர உங்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் மெஹ்ஜபினின் அப்பா ஆம்பூரிலிருந்து மூட்டு வலியோடு வந்து, எங்கள் கூடாரத்தில் ஒரு நாள் தங்கி, கொசுக்கடி பட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அதனால் அன்றைக்கு வேனிலிருந்து நீங்கள் இறங்கியதும் எனக்குக் காலே தரையில் இல்லை. எங்கப்பா வந்துட்டார் என்று மெஹ்ஜபினை இழுத்துவந்து காட்டினேன். மில்காரர்களுக்கு என்று சொல்லிக்கொண்டு உங்களுக்குத்தான் எல்லாம் காட்டினேன். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகப் பேசினேன். கரையோரம் கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவை ஒன்று ஓடியபோது நீங்கள் கேட்டீர்கள், "இத்தனூண்டு இருக்குது, இது எங்கிருந்து அம்மிணி வருது?" என்று. சைபீரியாவிலிருந்து என்றேன். "அடேங்கப்பா, இது உள்ளங்கைக்குள்ள அடங்கிப்போகுமே! எப்படி வழி தெரியும்?" என்றீர்கள். நான் காற்று, நட்சத்திரம், கடலோரம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

நீங்கள் போன பிறகு சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதையே சொன்னேனாம். "உங்கப்பா கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம் ஆகிப்போச்சு, நிறுத்து" என்று மெஹ்ஜபின் திட்டினாள். இப்போதுதான் புரிகிறது. உங்களுக்கு அந்தப் பறவை எங்கிருந்து வந்தால் என்ன? பெண் வாயைத் திறந்து பேச வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். அதற்காகக் கேட்டீர்கள். என் வாழ்க்கையில் நீங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது. அதுவும் பெண் பார்க்க வந்தவர்களுக்காகக் கேட்டது. இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பா. யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

இந்த மாதம் பத்தொன்பதாம் தேதிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நம்பர் இருக்கிறது.

இந்துமதி


பொங்கலூர்
14.2.2025

இந்துமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

என்ன மிரட்டுகிறாயா? உன்னைப் படிக்க வைத்தது யார்? காட்டு வேலை, சேற்று வேலை, சம்பளம் கைக்கும் வாய்க்கும் என்று தெரிந்தும் பூச்சி பறவை படிக்கிறேன் என்றாயே, அப்போது சொந்தக்காரன் எல்லாம் சிரித்தான். என் பெண் இஷ்டம் என்று ஒற்றை ஆளாக நின்றேன். அதெல்லாம் உனக்குக் கணக்கில் வராது. ஒரு நாள் வேனில் வந்தது மட்டும் கணக்கு.

நான் வரவில்லை, வரவில்லை என்கிறாய். ஷிப்மென்ட் வாரத்தில் நான் வீட்டுக்கே போவதில்லை, உன் அம்மாவைக் கேள். இந்த மிஷின்கள் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். உன் பறவைகளுக்கு யாரும் டெட்லைன் வைப்பதில்லை.

மண்டபக்காரனிடம், சமையல்காரனிடம், சடங்கு செய்யும் அருமைக்காரரிடம், கம்பெனியில் டெய்லர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இனி இல்லை என்று சொல்ல நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திருப்பூரில் நடப்பேன்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஊரே பெண்ணுக்கு ஏதோ என்று பேசும். என்னை விடு, உன்னைப் பேசும்.

மாசி பதினெட்டுக்கு நீ வருகிறாய். வராவிட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். நான் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு நீ போன் பண்ணினாய் என்று கேள்விப்பட்டால் எனக்கு மகள் இல்லை.

தங்கதுரை


கோடியக்கரை
21.2.2025

அப்பாவுக்கு,

போன் பண்ணிவிட்டேன்.

நேற்றுக் காலை கூப்பிட்டேன். ஜானகியம்மாள் எடுத்ததும், "வா கண்ணு, உன்னைத்தான் நெனச்சேன். சேலைக் கலர் புடிச்சுதா?" என்றார். "அம்மா, நீங்க அன்னைக்கு எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க பறவை பாக்க வந்தீங்கன்னுதான் அப்பா சொன்னாருங்க. பூ வெச்சப்பவும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா குனிஞ்சிருக்க மாட்டேனுங்க" என்றேன்.

அவர் கேட்டார்: "உனக்கு ஒண்ணுமே தெரியாதா கண்ணு? நான் சமையல் தெரியுமான்னு கேட்டப்போகூடவா?" தெரியாதுங்க என்றேன். "உங்கப்பா சொன்னாரே, பொண்ணுக்கு எல்லாம் தெரியும், ஆனா கூச்சப்படும், நீங்க ஒண்ணும் கேக்காதீங்கன்னு." எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க என்றேன். "செரி கண்ணு" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆக, நீங்கள் சொன்னது ஒரு பொய் இல்லை. எனக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. எனக்குக் கூச்சமாம்! பென்ஷன் வரை வேலை பார்ப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவளுக்குக் கூச்சம்!

படித்தபோது எனக்காக ஒற்றை ஆளாக நின்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், மறக்கவில்லை. அன்றைக்கு அப்படி நின்றவர் இப்போது இப்படிச் செய்ததால்தான் இவ்வளவு எரிகிறது. வேறு அப்பாவாக இருந்தால் அவர் குணமே அப்படி என்று விட்டிருப்பேன்.

படி ஏற வேண்டாம் என்றீர்கள். ஏறவில்லை. அம்மாவிடம் மட்டும் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்களிடமும் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. கால்வலி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களுக்கும் தெரியும்தானே.

இந்துமதி


பொங்கலூர்
9.3.2025

அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அம்மா ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

நீ நினைத்தது நடந்துவிட்டது. திருப்திதானே? நீ போன் பண்ணிய மூன்றாம் நாள் ஜானகியம்மாள் கம்பெனிக்கு வந்தார்கள். ஆபீஸுக்கு வரவில்லை, நேராக செக்கிங் செக்ஷனுக்கு வந்துவிட்டார்கள். அங்கே முப்பது பெண்கள் டேபிளில் நின்று பீஸ் பார்க்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏனுங்க, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. எவளோ ஒருத்தி வந்து சொல்லாம கொள்ளாம என்ற பொண்ணு தலையில பூ வெச்சிருந்தா நான் அவ கையை ஒடிச்சிருப்பேன். என்ற கையை அந்தக் கையா ஆக்கிப்போட்டீங்களே! இது நாயமுங்களா?"

உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. "அந்தப் புள்ள எவ்வளவு ஆசையா ஒவ்வொண்ணாக் காட்டுச்சு. உங்க மூஞ்சியத்தான் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நான்கூட, அப்பன் மேல என்னா பாசம்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் வேலை செய்யவில்லை.

உன் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் போனது, மானம் போனது. அத்தை இப்போது இரண்டாவது தடவை அழுகிறாள். பையன் எனக்கு போன் பண்ணி, "பரவால்லீங்க மாமா" என்றான். அந்த "மாமா"வைக் கேட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்படி ஒரு பையனை விட்டுவிட்டாயே என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

உன் அம்மாவைக் கோபிக்காதே. அவளுக்குக் கால்வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படிச் செய்தால் நான் வரமாட்டேன் என்று நின்றுகொண்டாள். அன்றைக்குக் காலையில் உனக்குச் சொல்லிவிடத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அங்கே டவர் கிடைக்கவில்லை. எனக்கு அது தெரிந்தபோது, சாமி நம் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று. பூ வைத்த பிறகு உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவள் வாயையும் நான்தான் அடைத்தேன்.

அந்தக் கேள்வியைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் கேட்பதற்காகத்தான் கேட்டேன், ஆமாம். மறைக்கவில்லை. ஆனால் நீ பதில் சொன்னது எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை, அம்மிணி. நட்சத்திரம் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் அப்படிச் சொன்னாயா என்று தெரிந்தது. நீ பேசும்போது நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூநாரை எழும்பியபோதும் அப்படித்தான். மான் சண்டை போட்டதும் தெரியும், எப்படிப் போட்டது என்று கேட்டால் தெரியாது. அவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கடலைக்கூட நான் பார்க்கவில்லை. கம்பெனியில் ஹெல்பர் பெண்கள், உங்க பொண்ணு இருக்கற எடம் எப்படி இருக்குமுங்க சார் என்று கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் திரும்ப வரட்டுமா? தனியாக, பஸ்ஸில் வருகிறேன். எந்த மாதம் வந்தால் பறவை இருக்கும் என்று எழுது. படி ஏறாதே என்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா


கோடியக்கரை
18.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கி ஒரு வாரம் ஆகிறது. அம்மாவின் நம்பருக்கு நேற்றுக் கூப்பிட்டுப் பேசினேன். அழுதார்கள், நானும் அழுதேன். அம்மாவை உங்களோடு சேர்த்து நினைத்தது தப்பு என்று சொல்லிவிட்டேன்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரக் கூடாது என்று சொல்ல நான் யார்? இது சரணாலயம். சீட்டு வாங்கினால் யாரும் வரலாம். பறவைகள் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கின்றன, ஐப்பசியில் வந்தால் திரும்பியிருக்கும். மான் வருஷம் முழுக்க இருக்கும். கடல் எங்கேயும் போகாது.

என்னைப் பற்றிக் கேட்டால் வேறு பதில்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு அம்மா, ரொம்ப நல்ல மாதிரி. நான் தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்ததும், "நீ எந்தூரு கண்ணு? உன்ற பேரென்ன?" என்று தோளில் கை வைத்தார். நான் பட்டென்று தள்ளி நின்றேன். ஊர் ஆம்பூர் என்றேன். பேர் மெஹ்ஜபின் என்றேன். அந்த அம்மா பாவம், முகம் சுருங்கிப்போய்க் கையை எடுத்துக்கொண்டார். அவர் சும்மா கேட்டிருப்பார். எல்லோரும் சும்மாதான் கேட்கிறார்கள். எனக்குத்தான் யார் அன்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் கணக்குப் போடுகிறது, இவர் எதற்காகக் கேட்கிறார், கூட வந்திருக்கும் பையன் யார் என்று. வந்தவர்களுக்குச் சிரித்துப் பேசிக் காட்டுவதுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்ததே. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நீங்கள் தனியாக வருவேன் என்று எழுதியிருப்பது உண்மையாகத்தான் இருக்கும். நம்பவும் ஆசையாகத்தான் இருக்கிறது. நம்ப முடியவில்லை, அதுதான் விஷயம். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நான் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். உங்களுக்குப் பின்னால் வேறு யார் இறங்குகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். பெற்ற அப்பாவை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தப் பழக்கம் எப்போது என்னை விட்டுப் போகும் என்று தெரியாது. போனால் எழுதுகிறேன். அதுவரைக்கும் வராதீங்கப்பா.

இந்துமதி